முல்லைத்தீவுக் கரையில் சுறாவைக் காப்பது எங்கே தொடங்குவது?

முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் சுறாவைப் பாதுகாக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேரின் அப்பாமார் சுறாவும் திருக்கையும் பிடித்துத்தான் வீட்டை நடத்துகிறார்கள். பதாகை பிடித்து ஊர்வலம் போனால் வீட்டுக்குள் சண்டை வரும். எங்கே தொடங்கலாம்? பல்கலைக்கழகம், திணைக்களம் என்று யாரையாவது பிடிக்க வேண்டுமா?"

ஊர்வலம் வேண்டாம். யாரையும் பிடிக்க வேண்டிய தேவையும் இப்போதைக்கு இல்லை. ஓர் அளவு நாடா, ஒரு சீ.ஆர். கொப்பி, உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத் தலைவரின் சம்மதம், இவ்வளவும் போதும். பிள்ளைகளை இறங்குதுறைக்குக் கூட்டிப்போய், என்ன சுறா வருகிறது, எவ்வளவு நீளம், ஆணா பெண்ணா, குட்டியா சினையா என்று அப்பாமாரிடமே கேட்டு எழுத வையுங்கள். வன்னிக் கரையில் சுறாப் பாதுகாப்பு என்ற பேச்சு அந்தக் கொப்பியிலிருந்து எழுந்தால்தான் நிலைக்கும் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டியது சுறா பெருகும் வேகம். சூடையும் கும்பளாவும் ஆயிரக்கணக்கில் முட்டை தள்ளுகிற மீன்கள். சுறா அப்படியல்ல. நம் சந்தைகளில் அடிக்கடி காணும் பால்சுறா ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து ஒன்றிலிருந்து எட்டுக் குட்டி வரை போடும். உடம்பளவு நீண்ட வால் உள்ள நெடுவால் சுறா பெரும்பாலும் இரண்டே குட்டி. சுத்தியல்போலத் தலையுள்ள கொம்பன் சுறாவில் நம் கடலில் அதிகம் அகப்படும் வகை கொஞ்சம் தாராளம், 12 இலிருந்து 41 வரை போடும். ஆனால் பெண் கொம்பன் பருவத்துக்கு வரவே பல கடல்களில் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். வகுப்பில் ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பால்சுறா தன் வாழ்நாளில் ஐந்து தடவை, தடவைக்கு நாலு குட்டி போடுகிறது என்று வைத்தால் மொத்தம் இருபது. அதில் பாதி பெண். அந்தப் பத்தில் ஒன்றாவது தாயாகும் வயதுவரை தப்ப வேண்டும், அப்போதுதான் கூட்டம் இருந்தபடி இருக்கும். பத்தும் குட்டியிலேயே வலையில் ஏறினால் என்ன நடக்கும் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

உலக நிலவரத்துக்கு இரண்டு எண் போதும். 1970 இலிருந்து அரை நூற்றாண்டில் ஆழ்கடல் சுறா, திருக்கைகளின் தொகை 71 வீதம் குறைந்துவிட்டது என்று 2021 இல் ஓர் ஆய்வு காட்டியது. சுறா, திருக்கை இனங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு சொன்னது. இதற்கு மேல் புள்ளிவிபரம் அடுக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சொல்லிக் கொடுக்காதீர்கள்: "சுறா இல்லாவிட்டால் கடலே செத்துவிடும்." இந்த வசனம் எல்லாப் பதாகையிலும் இருக்கிறது. பெரிய வேட்டை மீன்கள் குறைந்தால் கீழுள்ள கூட்டங்கள் மாறும் என்பது சரி. ஆனால் எங்கே, எப்படி, எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் சுறா குறைந்ததால் திருக்கை பெருகிச் சிப்பியைத் தின்று தீர்த்தது என்ற கதை வெகு காலம் பாடப்புத்தகம்போல ஓடியது. 2016 இல் அதை மறுபடி ஆராய்ந்தவர்கள் கணக்கு உதைக்கிறது என்று காட்டினார்கள். நாற்பது வருடம் கடலில் நின்ற ஒருவரிடம் அவர் மகள் போய் "கடல் செத்துவிடும் அப்பா" என்றால் சிரித்துவிட்டு வலையைப் பொத்தப் போய்விடுவார். "முந்தி இந்தக் காலத்தில எத்தின வரும், இப்ப எத்தின வருது?" என்று கேட்டால் உட்கார்ந்து பேசுவார்.

அடுத்தது சட்டம். இதில் கரையில் நிறையக் குழப்பம். சுறா பிடிப்பதே தடை என்று சிலர் நம்புகிறார்கள், ஒன்றுமே தடை இல்லை என்று சிலர். இரண்டும் பிழை. 2001 இன் ஒழுங்குவிதிப்படி செட்டையை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறியக்கூடாது, செட்டை உடலோடு சேர்ந்தபடியே கரைக்கு வரவேண்டும். 2012 இல் நெடுவால் சுறா மூன்று இனமும் தடைசெய்யப்பட்டன. 2015 இல் திமிங்கிலச் சுறாவும், செட்டை நுனியில் வெள்ளை பூத்த ஆழ்கடல் சுறாவும் சேர்ந்தன. ஆக ஐந்து இனங்கள். இவற்றைப் பிடிக்கவோ ஏற்றி வரவோ விற்கவோ கூடாது, உயிரோடு அகப்பட்டால் விட்டுவிட வேண்டும்.

இதற்கு மேல், ஆபத்திலுள்ள உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை இருக்கிறது. கொம்பன் சுறாவின் பெரிய இனங்கள் மூன்று 2013 இல் அதன் பட்டியலுக்குள் வந்தன. நெடுவால் சுறாக்கள் 2016 இல் வந்தன, அதற்கு முன்னின்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2019 மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பால் ஜெனீவாவுக்குப் போனது. அங்கே உழுவை மீன்கள் சேர்க்கப்பட்டன. 2022 இல் பால்சுறா உட்பட ஒரு பெரிய குடும்பமே பட்டியலில் ஏறியது. இதைக் கேட்டதும் "பால்சுறாவும் தடையா?" என்று கரையில் பதறுவார்கள். பதறத் தேவையில்லை. பட்டியலில் பால்சுறா ஏறிய மட்டத்தின் பொருள், ஏற்றுமதி செய்ய அனுமதி வேண்டும் என்பதுதான். ஊருக்குள் பிடிப்பதையும் விற்பதையும் உண்பதையும் அது தொடாது. ஆனால் அனுமதி கொடுக்க வேண்டுமென்றால், அந்தப் பிடி கூட்டத்தைப் பாதிக்காது என்று அரசு காட்ட வேண்டும். அதற்குத் தரவு வேண்டும். போர்க்காலம் முழுக்க வடகரையில் ஒழுங்கான கணக்கெடுப்பு நடக்கவில்லை. நீர்கொழும்பும் பேருவளையும் பேசுகிற அளவுக்கு நம் கரைகள் தரவில் பேசுவதில்லை. உங்கள் கொப்பி அந்த ஓட்டையில்தான் வந்து உட்காருகிறது.

சட்டம் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 ஜனவரியில் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, செட்டை வெட்டுவதைத் தடுக்கும் சட்டங்கள் நாட்டுக்கு நாடு பெருகிய அதே காலத்தில், மீன்பிடியில் சாகும் சுறாக்களின் தொகை 2012 இல் குறைந்தது 7.6 கோடியாக இருந்து 2019 இல் 8 கோடியாக ஏறியிருக்கிறது என்று கண்டது. செட்டைச் சட்டத்தால் முழுச் சுறாவும் கரைக்கு வந்தது, அதன் இறைச்சிக்குச் சந்தை பிறந்தது, அவ்வளவுதான். ஆழ்கடலில் கொஞ்சம் குறைந்தது, கரைக்கடலில்தான் கூடியது. வன்னிக்காரரின் தொழில் பெரும்பாலும் கரைக்கடல் தொழில்.

சரி, கரைக்கு வருவோம். நம் பக்கத்துச் சொந்த அறிவு பெரியது, பிள்ளைகள் அதை நோட்டில் ஏற்றினாலே அரைவாசி ஆராய்ச்சி. உழுவையை எடுங்கள். மேலிருந்து பார்த்தால் செட்டை நிமிர்ந்த சுறா மாதிரி. புரட்டிப் பார்த்தால் செவுள் பிளவுகள் வயிற்றுப் பக்கம் இருக்கும். சுறாவுக்கு அவை கழுத்தின் இரு பக்கமும். ஆகவே உழுவை திருக்கைச் சாதி. இந்தச் சாதியில் பெரிய உழுவைகளும் அவற்றின் நெருங்கிய உறவுகளுமாக 16 இனங்களில் 15, அழிவின் விளிம்பில் என்ற கடைசிப் படியில் வைக்கப்பட்டிருக்கின்றன. சுறாவைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடாதீர்கள், நிலைமை சுறாவைவிட மோசம்.

உழுவையின் ஒன்றுவிட்ட சொந்தம் வேளா, வாள்போல நீண்ட பல் மூக்குள்ளது. வயதானவர்களிடம் கேளுங்கள். இலங்கைக் கரையோரம் முழுக்க மீனவர்களைச் சந்தித்துச் செய்த ஓர் ஆய்வு 2021 இல் வந்தது. வேளாவைக் கண்ணால் கண்டவர்கள் மூத்தவர்கள்தான், இளைஞர்கள் காணவேயில்லை என்று அது சொன்னது. நம் கடலில் அது இல்லாமல் போய்விட்டது என்றே எடுக்கலாம். சுனாமியும் 2009 உம் தின்றது போக, எங்காவது ஒரு வீட்டில் அந்தக் கொம்பு மிஞ்சியிருந்தால் பிள்ளைகள் அதை அளந்து படமெடுத்து வைக்கட்டும், தாத்தா எப்போது, எந்த வலையில் கண்டார் என்றும் எழுதட்டும். ஒரு மீன் இந்தக் கரையில் இருந்ததற்கான சாட்சி அதுதான்.

இப்போது கொப்பியில் என்ன எழுதுவது. நான் அதிகம் கேட்கமாட்டேன். பெயர் (ஊர்ப் பெயர் போதும்), மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை நீளம், ஆணா பெண்ணா. ஆண் என்றால் வயிற்றுச் செட்டைக்குப் பின்னால் விரல் மாதிரி இரண்டு உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் ஒரு நாளில் பழகிவிடுவார்கள். வெட்டும்போது வயிற்றில் குட்டி இருந்தால் எத்தனை. மூன்று படம்: பக்கவாட்டில் ஒன்று, தலையின் அடிப்பக்கம் ஒன்று, செட்டைகள் தெரிய ஒன்று. நாடா படத்துக்குள் விழ வேண்டும். கொம்பன் என்றால் தலையை நேர் மேலிருந்து எடுங்கள். முன் விளிம்பின் நடுவில் பள்ளம் இருந்தால் ஓர் இனம், பள்ளம் இல்லாமல் வளைந்தால் இன்னோர் இனம். கிட்டத்தட்ட நேர்கோடாக இருந்து நடுவில் சின்னப் பள்ளமும், முதுகுச் செட்டை அரிவாள்போல மிக உயரமாகவும் இருந்தால் பெருங்கொம்பன்.

இவையெல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று தொப்புள். சுறாவுக்குத் தொப்புளா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். குட்டி போடும் சுறாக்களில் பல தாயோடு கொடியால் பிணைந்தே வளர்கின்றன. பிறந்ததும் நெஞ்சுச் செட்டைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கீறல் திறந்தபடி இருக்கும், சில கிழமைகளில் மூடிக்கொள்ளும். அளம்பில் பக்கத்துக் கரையொன்றில் ஒரு சோளகக் காலத்துக் காலையில், கூறல் (மீன் ஏலம்) முடிந்து ஒதுக்கி வைத்த குவியலிலிருந்து முழங்கை நீளச் சுறாக்குட்டி ஒன்றை ஒரு பெரியவர் எடுத்தார். மல்லாத்தி, கட்டைவிரலால் அந்த இடத்தை அமத்தினார். கீறலின் உதடு பிரிந்து உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. "தொப்புள் இன்னும் காயேல்லை, பாருங்கோ மாஸ்டர். போட்டு ஒரு கிழமை வராது. தாய் இஞ்சை கிட்டத்தான் நிண்டிருக்கும்" என்றார். கடலுயிரியல்காரர் சுறாக் குஞ்சுகளின் வளர்ப்பிடத்தைத் தேடும்போது முதலில் பார்ப்பதும் இதைத்தான். பிறந்த குட்டிகள் அங்கே மற்ற இடங்களைவிட அதிகமா, அங்கேயே சில காலம் தங்குகின்றனவா, வருடாவருடம் அதே இடத்தில் காணப்படுகின்றனவா என்ற மூன்று கேள்விக்கும் ஆம் என்றால்தான் அந்த இடத்தை வளர்ப்பிடம் என்பார்கள்.

கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சாலை என்று முல்லைத்தீவில் கடலுக்கு வாய் திறக்கும் களப்புகள் வரிசையாக இருக்கின்றன. மேற்கே விடத்தல்தீவு, நாச்சிக்குடாப் பக்கம் ஆழம் குறைந்த கண்டல் ஓரம். உலகில் பல இடங்களில் குஞ்சுச் சுறாக்கள் ஒதுங்குவது இப்படியான தண்ணீரில்தான். நம் கரையில் எந்தத் தொடுவாய், எந்த மாதம் என்பதை உங்கள் கொப்பியின் 'தொப்புள் காயாதது' என்ற நிரல் இரண்டு மூன்று பருவத்தில் சொல்லிவிடும். சொன்ன பிறகு பாதுகாப்பு மிகச் சின்னதாகிவிடும். முழுக் கடலையும் பூட்டத் தேவையில்லை. இந்த வாயில், இந்த இரண்டு மாதம், சின்னக் கண் வலை போடாமல் இருப்போமா என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டால் போதும். அப்படிக் கேட்பவர் ஒரு தொழிலாளியாக இருக்க வேண்டும், நீங்களோ நானோ அல்ல.

இனி நம்பிக்கை. வன்னியில் கொப்பியோடு ஒருவர் கரைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். நியாயந்தான். பதிவு என்ற பேரில் இந்தச் சனம் பட்டது கொஞ்சமல்ல. ஆகவே சில கட்டுப்பாடுகளை முதல் நாளே எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடுங்கள். படகு இலக்கம் எழுதமாட்டோம். முகம் படத்தில் வராது. எந்தப் பாரில் பிடித்தது என்று கேட்கமாட்டோம், களப்பா கரைக்கடலா ஆழ்கடலா என்பது போதும். கொப்பி சங்கத்தில்தான் இருக்கும், மாதம் ஒருமுறை கூட்டத்தில் வாசிப்போம்.

தடைசெய்யப்பட்ட ஐந்தில் ஒன்று செத்து வந்தால் பிள்ளை எழுதுவதா? எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைக் கடற்றொழில் பரிசோதகரிடம் சொல்வது சங்கத்தின் பொறுப்பு, பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பிள்ளையின் கொப்பி தகப்பனுக்கு எதிரான சாட்சியாக மாறிய நாளோடு உங்கள் கழகம் முடிந்தது. தரவில் ஓர் ஓட்டை விழும்தான், விழட்டும்.

கூட்டத்தில் நிச்சயம் ஒருவர் எழும்புவார்: "நாங்கள் ஒரு குட்டியை விட்டு என்ன பயன்? இழுவைப் படகுக்காரன் நூறை அள்ளிக்கொண்டு போறான்." இதைத் தட்டிக் கழிக்காதீர்கள். பாக்கு நீரிணையும் அதன் குடாவும் ஆழம் குறைந்தவை. அடியை வாரும் இழுவைமடி அங்கே திருக்கை, உழுவை, தரையில் கிடக்கும் சின்னச் சுறா எல்லாவற்றையும் சேர்த்தே அள்ளும். இலங்கை 2017 இல் சட்டம் போட்டு இழுவைமடியைத் தடைசெய்தது. எல்லை தாண்டி வருகிற படகுகள் பற்றி இரண்டு நாட்டு அரசும் பேசிக்கொண்டே இருக்கின்றன. முல்லைத்தீவிலோ சுருக்குவலை, வெளிச்சம் பாய்ச்சல், வெடி, வெளியிலிருந்து பருவத்துக்கு வருபவர்களோடு தகராறு. 2018 இல் தெருவில் இறங்கியே போராடினார்கள். இந்தக் குறைகளை முதலில் பேசவிட்டு, கொப்பியில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எந்த வாரம் இழுவைப் படகு வந்தது, அதன் பிறகு பிடி எப்படி. மனு எழுதும்போது "எங்களைப் பாதிக்கிறது" என்ற வசனத்தைவிட இரண்டு பருவத்துப் பதிவு கனமாக இருக்கும். சுறாவுக்காகத் தொடங்கிய கொப்பி தங்களுக்கும் உதவுகிறது என்று தெரிந்தால்தான் ஊர் அதைத் தூக்கிப் பிடிக்கும்.

அப்படித் தூக்கிப் பிடித்த கரை ஒன்றுக்கு உதாரணம் வேண்டுமென்றால் குஜராத். 2001 வரை அங்கே திமிங்கிலச் சுறாவை நூற்றுக்கணக்கில் கொளுக்கி போட்டுக் கொன்றார்கள், எண்ணெய்க்கும் இறைச்சிக்கும். இந்தியா அந்த ஆண்டு அதைப் புலிக்குச் சமமான பாதுகாப்புப் பட்டியலில் வைத்தது. சட்டம் வந்ததே பல கரைகளுக்குத் தெரியவில்லை. 2004 இல் வனத்துறையும் ஒரு வனவிலங்கு அமைப்பும் சேர்ந்து பிரசாரம் தொடங்கியபோது, ஊருக்கு ஊர் மதிப்புள்ள இராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபுவைப் பேசச் சொன்னார்கள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வரும் மகளைக் கொல்வீர்களா என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு வலையை வெட்டி விட்ட திமிங்கிலச் சுறாக்கள் 900 க்கும் மேல்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாபுவோடு நிறுத்திவிடுவார்கள். அங்கே அரசு வெட்டிய வலைக்குக் காசு கொடுத்தது. மீனவர்களுக்கே கமெரா கொடுத்து, விட்டதற்கு அவர்களே எடுக்கும் படத்தை ஆதாரமாக ஏற்றது. முன்பெல்லாம் அதிகாரி வரும்வரை மீன் வலைக்குள் கிடந்து துடிக்கும். சொற்பொழிவு மனதைத் திருப்பியது, வலைக்காசு கையைத் திருப்பியது என்று நான் வாசிக்கிறேன். வலைக்கு ஈடு கிடைக்க ஒரு வழி இல்லாமல் நம் கரைவலைச் சம்மாட்டியிடம் "மடியை வெட்டு" என்று சொல்வது அநியாயம். சங்கத்திலேயே ஒரு சின்ன நிதி, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் கொஞ்சம் போட்டால்கூடப் போதும். கோயில் தேருக்கு வருகிற காசில் நூறிலொரு பங்கு.

விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வாலில் தூக்கக்கூடாது, உள்ளுறுப்புகள் கிழியும், சுறாவுக்கு நெஞ்செலும்புக் கூடு கிடையாது. செவுளுக்குள் கை விடக்கூடாது. கொளுக்கியால் குத்தக்கூடாது. தூண்டில் என்றால் படகில் ஏற்றாமல் தண்ணீரிலேயே வைத்து, நரம்பை வாய்க்குக் கிட்ட வெட்டிவிடலாம். தூண்டில் நுனியில் கம்பிக்குப் பதில் நைலோன் கட்டினால் பெரிய சுறா தானே கடித்துக்கொண்டு போய்விடும். உழுவையும் திருக்கையும் வலையில் கன நேரம் தாக்குப்பிடிக்கும், உயிரோடு விட வாய்ப்பு அதிகம். சினை உழுவையைத் திருப்பி விடுவதைப் பிள்ளைகள் ஒரு பெருமையாக்கினால், கொப்பியில் 'விட்டது' என்ற நிரலுக்கு மட்டும் ஆளின் பெயரையும் எழுதலாம், அவர் சம்மதித்தால்.

பெண்களை மறந்துவிட வேண்டாம். கருவாடு போடும் அம்மாமாருக்கு எந்த மாதம் குட்டிச் சுறா மலிகிறது என்பது அப்பாமாரைவிட நன்றாகத் தெரியும். அப்புறம், பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் சுறா வறையும் சரக்குக் கறியும் கொடுக்கும் வழக்கம். அதைக் கண்டித்துப் பேசினால் ஒரு வீட்டிலும் உங்களுக்குத் தேத்தண்ணி கிடைக்காது. பேசவும் தேவையில்லை. ஆனால் மருத்துவமாதுவோடு சேர்ந்து ஒன்றைச் சொல்லலாம்: பெரிய சுறாவின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும், வயிற்றில் பிள்ளை உள்ளவர்களும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்க்கும்படி அல்லது மிகக் குறைக்கும்படி பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. சுறா பால் சுரக்க வைக்கும் என்பதற்கு விஞ்ஞானச் சான்று இல்லை. நல்ல சாப்பாடும் ஓய்வும், பிள்ளை அடிக்கடி குடிப்பதும்தான் பால். சரக்குக்குப் பாரையோ விளையோ போட்டாலும் கறி கறிதான். முருங்கையிலையும் இருக்கிறது.

'பாதுகாப்பு' என்றதும் இங்கே சில முகங்கள் சுருங்குவதற்குக் காரணமும் தெரிந்திருக்க வேண்டும். 2017 தொடக்கத்தில் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. காகிதத்தில் நல்ல விடயம். ஆனால் போரில் இடம்பெயர்ந்து திரும்பிய சனம், தங்கள் தொழிலிடமும் காணியும் கேட்காமலே வரைபடத்துக்குள் போய்விட்டன என்று குறைபட்டார்கள். மேற்கே விடத்தல்தீவு ஒதுக்கிடத்தின் ஒரு பகுதி 2024 இல் நீரியல் வளர்ப்புக்காக விடுவிக்கப்பட்டபோது எதிர்ப்பு வேறு விதமாக எழுந்தது. பாதுகாப்பு மேலிருந்து வந்து மேலிருந்தே போகிறது என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றும். ஆகவே உங்கள் கழகம் 'சுறாப் பாதுகாப்பு வலயம்' என்ற மாதிரிப் பெயர்ப்பலகை எதையும் நடவேண்டாம். பலகை நடுவது மிக எளிது, அதனால்தான் எல்லோரும் நடுகிறார்கள்.

நேரம் பற்றி ஒன்று. ஜூலை 14 சுறா விழிப்புணர்வு நாள். எல்லோரும் அன்றைக்கு ஏதாவது செய்யச் சொல்வார்கள். முல்லைத்தீவில் அது தொழில் மும்முரமான காலம், அப்பாமார் கடலில் நிற்பார்கள், ஆசிரியர்கள்தான் ஆசிரியர்களுக்குப் பேசிக்கொண்டிருப்பீர்கள். அளப்பதற்குச் சோளகக் காலம் சரி. கூட்டம் கூட்டிப் பேசுவதற்கு வாடை கிளம்பிக் கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழியே சரி. அப்போது ஆட்கள் வீட்டில், வலை பொத்தியபடி, காதும் சும்மா இருக்கும்.

ஒரு பருவம் முழுக்க எழுதி முடித்த பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் துறைக்கோ, வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, நீரியல் வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாராவுக்கோ எழுதுங்கள். இந்த நாட்டில் இறங்குதுறை இறங்குதுறையாகச் சுறா அளக்கும் புளூ ரிசோர்சஸ் டிரஸ்ட் என்ற அமைப்பும் இருக்கிறது. வெறுங்கையோடு போய் "வந்து ஆராயுங்கள்" என்று கேட்பதற்கும், படங்களோடு போய் "இது எந்த இனம்?" என்று கேட்பதற்கும் கிடைக்கும் மரியாதை வேறு. அவர்கள் சம்மதித்தால் இரண்டு நிபந்தனை வையுங்கள்: முடிவு தமிழில் சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும், அறிக்கையில் சங்கத்தின் பெயர் வரவேண்டும். கொப்பியைக் கேட்டால் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுங்கள். மூலக் கொப்பி ஊரை விட்டுப் போகக்கூடாது.